மூடுபனியில் ஏரோஜெல்: நெருப்பில் தெரியும் பிழையை ஈரத்தில் தேடுவது

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்து ஆய்வுகூடங்களில் விண்கல வெப்பக் காப்புக்கான சிலிக்கா ஏரோஜெல் தகடு செய்துபார்க்கும் மாணவர்களுக்கும் தொழில்நுட்ப உதவியாளர்களுக்கும் இந்த வழிமுறை. ஏரோஜெல் என்பது ஜெல்லிலிருந்து திரவத்தை நீக்கி, நுண்துளைகள் நிறைந்த திண்ம வலையை மட்டும் மிச்சம் வைத்த, மிக இலேசான பொருள். நான் மனத்தில் வைத்திருக்கும் தகடு இதுதான்: கண்ணாடி நார்ப் பாயில் சிலிக்காக் கரைசலை ஊற்றி, உறையவிட்டு, எதனோலிலும் ஹெக்சேனிலும் கழுவி, சிலேன் என்ற சிலிக்கன் சேர்மம் சேர்த்து நீரை விலக்கும் தன்மை கொடுத்து, சாதாரண அமுக்கத்தில் உலர்த்தியது. தடிப்பு 5 முதல் 10 மில்லிமீற்றர். சோதனையின்போது ஒரு முகத்தில் (முன்முகம்) கேஸ் டோர்ச் சுவாலை, மறுமுகத்தில் (பின்முகம்) வெப்பநிலையை அளக்கும் தேர்மோகப்பிள் கம்பி.

நமக்குக் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் கடல் மட்டத்தில், உலர்ந்த அறையில் எழுதப்பட்டவை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. மூடுபனி இறங்கிவிட்டால் சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதம்) நூறு சதவீதத்தைத் தொட்டு நிற்கும். இந்த இரண்டும் செய்முறையின் ஒவ்வொரு படியிலும் கைவைக்கின்றன. தகட்டின் பிழை நமக்குத் தெரிவது நெருப்பில். அது உண்டானது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னால், ஈரத்தில். ஆகவே பின்னோக்கிப் போவோம். சுவாலைச் சோதனையில் தொடங்கி, கரைசல் உறையும் முதல் நாளில் முடிப்போம்.

அதற்கு முன் பாதுகாப்பு. சிலேன் (ட்ரைமெதைல்குளோரோசிலேன்) தண்ணீரைத் தொட்டால் ஐதரசன் குளோரைட்டு வாயுவை விடும். தோலையும் நுரையீரலையும் அரிக்கும். ஹெக்சேன் ஆவி காற்றை விடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்து நெருப்பைப் பற்றும். குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு அறையில் ஹீட்டரோ கரியடுப்போ வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் உண்டு. இந்த வேலை நடக்கும் அறையில் அது கூடவே கூடாது. புகைக்கூண்டு (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வுகூட அடைப்பு) இல்லாவிட்டால் சிலேன் படியைச் செய்யாதீர்கள். உயர் அமுக்கத்தில் உலர்த்தும் கலனை வீட்டில் வெல்டிங் செய்து உண்டாக்கும் எண்ணமும் வேண்டாம். 1984இல் சுவீடனில் மெதனோலை உயர் அமுக்கத்தில் வைத்து ஏரோஜெல் உலர்த்திய ஆலையொன்றில் கலன் கசிந்து, கட்டடமே வெடித்தது.

அறிகுறி: பின்முக வெப்பநிலை ஏறி வந்து, 94 பாகையில் நின்றுவிடுகிறது

இதைத்தான் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இது பிழையாகவே தெரியாது. சோதனைக்கு வந்த ஒரு மாணவி சந்தோஷமாகச் சொன்னாள்: "சேர், பின்பக்கம் தொண்ணூத்தி நாலுல அப்பிடியே நிக்குது. நம்ம தகடு நல்லா தாங்குது சேர்." நான் கேட்டது ஒன்றுதான்: "நெருப்புக்கு முன்ன எட பாத்தியா பிள்ள?"

94 பாகை செல்சியஸ் என்பது நுவரெலியாவில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் அது 96ஐ ஒட்டி இருக்கும். தகட்டுக்குள் இருக்கும் ஈரம் கொதித்துத் தீரும்வரை பின்முகம் அந்த இடத்தில் நிற்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2260 யூல் வெப்பம் வேண்டும்; ஒரு கிராம் சிலிக்காவை 100 பாகை உயர்த்த 100 யூல்கூட வேண்டியதில்லை. அதனால் ஈரத் தகடு முதல் சில நிமிடங்களுக்கு உலர்ந்த தகட்டை விட நன்றாகவே தாங்குவதுபோல் காட்டும். பிறகு ஒரேயடியாக ஏறும். 100 பாகையில் நின்றால் நீர் என்று புத்தகத்தில் படித்தவர்கள் 94ஐப் பார்த்துச் சந்தேகப்படுவதில்லை. நம் உயரத்தில் சந்தேகப்பட வேண்டிய எண் அதுதான்.

விண்கலத்துக்கு இந்தத் தாங்கல் எந்த உதவியும் செய்யாது. சுமக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் கேட்கும் வாகனத்தில் தண்ணீரைச் சுமக்க யாரும் ஒப்பமாட்டார்கள். உள்ளே திடீரென உண்டாகும் நீராவி தகட்டைப் படலம் படலமாகப் பிளக்கவும் கூடும்.

செய்ய வேண்டியது: தகட்டை 110 பாகையில் எடை மாறாமல் நிற்கும்வரை ஒவனில் வைத்து, உலர்த்திக் கலனுக்குள் (ஈரம் உறிஞ்சும் தூள் வைத்த மூடிய கலன்) ஆறவிட்டு, எடுத்தவுடன் எடை பார்த்து, உடனே சோதியுங்கள். ஆறவைக்க மேசைமேல் விட்டால் மூடுபனி மறுபடி உள்ளே போய்விடும். உலர்த்துவதில் எடை 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தத் தகட்டின் முந்தைய அளவீடுகள் எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

அறிகுறி: பின்முகம் எதிர்பார்த்ததை விட வேகமாகச் சூடாகிறது

ஏரோஜெல்லுக்குள் வெப்பம் போக மூன்று வழிகள்: திண்மச் சிலிக்கா வழியே, துளைக்குள் உள்ள காற்று வழியே, கதிர்வீச்சாக. நல்ல சிலிக்கா ஏரோஜெல்லின் வெப்பக் கடத்தாறு அறை வெப்பநிலையில் மீற்றர்-கெல்வினுக்கு 0.013 முதல் 0.020 வாற்று. அசையாத காற்றுக்கே 0.026. காற்றால் ஆன பொருள் காற்றை விடக் குறைவாகக் கடத்துவது எப்படி என்று கேட்டால், விடை துளையின் அளவில் இருக்கிறது. காற்று மூலக்கூறு இன்னொன்றோடு மோதுமுன் கடல் மட்டத்தில் சராசரியாக 70 நனோமீற்றர் அளவு போகும். நுவரெலியாவின் குறைந்த அமுக்கத்தில் 85ஐ ஒட்டி. ஏரோஜெல்லின் துளைகளோ பெரும்பாலும் 2 முதல் 50 நனோமீற்றர். மூலக்கூறு அடுத்த மூலக்கூறுக்கு வெப்பத்தைக் கைமாற்றுமுன் சுவரில் மோதிவிடுகிறது. துளைக்குள் தண்ணீர் புகுந்தால் இந்தக் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும். தண்ணீரின் கடத்தாறு 0.6, காற்றைப்போல் இருபது மடங்குக்கும் மேல்.

எந்த வழி என்று கண்டுபிடிக்க, வெப்பநிலை ஏறும் வரைபடத்தைப் பாருங்கள். சுவாலை பட்ட சில நொடிகளிலேயே பின்முகம் ஏறத் தொடங்கினால் தகட்டைக் குறை சொல்லாதீர்கள். ஓரத்தால் சூடான காற்று சுற்றி வருகிறது, அல்லது தேர்மோகப்பிளின் நுனி சட்டகத்தைத் தொடுகிறது. ஓரங்களைச் செராமிக் நாரால் அடைத்து, நுனியைத் தகட்டின் நடுவில் ஒரு சிறு செப்புத் தகட்டின் கீழ் அழுத்தி வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

முன்முகம் 300 பாகைக்குள் இருக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, அதற்கு மேலே போகப் போகப் பின்முகம் தாவித் தாவி ஏறினால் அது கதிர்வீச்சு. வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுவது அது. தூய சிலிக்கா 3 முதல் 8 மைக்ரோமீற்றர் வரையான செந்நிறக்கீழ்க் கதிர்களைப் பெருமளவு ஊடுருவ விடுகிறது. 400 பாகையில் இருக்கும் ஒரு முகம் மிகுதியாக வீசும் கதிர் 4.3 மைக்ரோமீற்றரை ஒட்டியது. திறந்த வாசலுக்கு நேராகவே வெப்பம் வருகிறது. கரைசல் உறையுமுன் ருட்டைல் வகை டைட்டேனியம் டையொக்சைட்டுத் தூளையோ சிலிக்கன் காபைட்டுத் தூளையோ சேர்த்து நன்றாகக் கலக்குவதுதான் வழி. காபன் கரியும் கதிரைத் தடுக்கும், ஆனால் காற்றோடு சேர்ந்த உயர் வெப்பத்தில் தானே எரிந்துபோகும். அதை வெற்றிடத்திலோ குறைந்த வெப்பத்திலோ வேலை செய்யும் பாகங்களுக்கு ஒதுக்குங்கள்.

சுவாலையையும் ஒருமுறை சந்தேகியுங்கள். சிறிய டோர்ச் கேஸ் டின்களில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் கொதிக்கும். விடிகாலைக் குளிரில் டின்னுக்குள் அமுக்கம் குறைந்து, எரிய எரிய டின் இன்னும் குளிர்ந்து, சுவாலை தளரும். காலையில் வென்ற தகடு மதியம் தோற்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பின்பும் தேர்மோகப்பிளைத் தனியே சுவாலையில் பிடித்து வாசிப்பைக் குறித்துவையுங்கள்.

அறிகுறி: சுவாலை பட்டதும் தகடு தானே எரிகிறது, புகைகிறது, நாறுகிறது

சிலிக்கா எரியாது. எரிவது அதில் நாம் ஏற்றி வைத்தது. எப்போது, எப்படி எரிகிறது என்பது ஆளைக் காட்டிக்கொடுக்கும். பட்ட உடனே முகம் முழுக்க ஓடி, சட்டென அணைந்தால் மிச்சமிருக்கும் கரைப்பான். மஞ்சள் சுவாலையும் கரும்புகையும் என்றால் நார்ப் பாயின் பசை. சற்றுத் தாமதித்து, ஓரங்களில் மெல்லிதாக நீலம் ஓடினால் நீரை விலக்குவதற்காக நாம் ஒட்டிவைத்த மெதைல் கூட்டங்கள். காற்றில் ஏறத்தாழ 300 முதல் 400 பாகைக்குள் அவை ஒட்சியேறத் தொடங்குகின்றன.

முதல் இரண்டுக்கும் மருந்து எளிது. கரைப்பானுக்கு நீண்ட உலர்த்தல். பசைக்கு, கரைசல் ஊற்றுமுன் நார்ப் பாயை 450 முதல் 500 பாகையில் காற்றோட்டத்தோடு சுட்டெடுத்தல். சுட்ட கண்ணாடி நார் வலிமை குறைந்து நொறுங்கும், மெதுவாகக் கையாள வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம். வளையும் ஏரோஜெல் வேண்டுமென்று மெதைல்ட்ரைமெதொக்சிசிலேனில் செய்தால் ஒவ்வொரு சிலிக்கன் அணுவிலும் ஒரு மெதைல், எரியக்கூடியது நிறைய. அதோடு நன்றாகக் காக்கும் பொருளுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. வெப்பம் உள்ளே போக முடியாததால் முன்முகம் மற்றப் பொருள்களை விடப் படு வேகமாகச் சூடாகிறது, எரியக்கூடியது எதுவும் அங்கே இருந்தால் சீக்கிரம் பற்றுகிறது. வெப்பத்தைத் தடுப்பதும் தீயைத் தடுப்பதும் தனித்தனி வேலைகள். இரண்டையும் தனித்தனியே சோதிக்காமல் "தீத்தடுப்புத் தகடு" என்று பெயர் எழுதி ஒட்ட வேண்டாம். மகனீசியம் ஐதரொட்சைட்டுத் தூள் சேர்ப்பது ஒரு வழி. 330 பாகைக்கு மேலே அது நீரை விட்டு வெப்பத்தை விழுங்குகிறது, மெதைல் எரியும் வெப்பநிலைக்கு இது பொருந்தி வருகிறது. அதற்கு விலை, கூடும் எடை. சிறிது சிறிதாகச் சேர்த்து, எரிவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

அறிகுறி: சோதனைக்குப் பின் முன்முகம் குழிந்து, கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கிறது

சிலிக்கா ஏரோஜெல் 600, 700 பாகையிலிருந்தே சுருங்கத் தொடங்கும். 1000ஐ நெருங்கினால் துளைகள் மூடி இறுகும். இதைக் கலவை மாற்றிச் சரிசெய்ய முயல்வது வீண். தகட்டை வைத்த இடம்தான் பிழை. மீள்நுழைவில் (விண்வெளியிலிருந்து வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது) அமெரிக்க விண்வெளி ஓடத்தின் மூக்குப் பகுதி 1600 பாகைக்கும் மேலே போனது. அங்கே வலுவூட்டிய காபன் இருந்தது. ஏரோஜெல் பெயர் வாங்கியது வேறு இடங்களில். 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியின் மின்னணுப் பெட்டியைக் குளிரிலிருந்து காத்தது சிலிக்கா ஏரோஜெல். முன்னால் செராமிக் நார் அல்லது அலுமினா அடிப்படையிலான ஏரோஜெல், அதன் பின்னால் நம்முடைய சிலிக்காத் தகடு என்று அடுக்குங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு தேர்மோகப்பிள் வைத்து, அந்த இடம் 600ஐத் தாண்டாமல் முன்னடுக்கின் தடிப்பைத் தீர்மானியுங்கள்.

அறிகுறி: அலுமாரியில் வைத்த தகடு எடை கூடுகிறது, ஓரம் சுருள்கிறது

ஒரு துளி நீரை முகத்தில் விடுங்கள். முத்தாக உருண்டால் முகம் நல்லது. பிறகு தகட்டைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தில் இன்னொரு துளி. அங்கே உறிஞ்சினால் சிலேன் உள்ளே போய்ச் சேரவில்லை, அல்லது நார் வழியே நீர் ஏறுகிறது. மிகச் சில தகடுகளே இரண்டாவது துளியில் தேறுகின்றன; முதல் துளியோடு சோதனையை நிறுத்துவதில் அர்த்தமில்லை.

சூடுபட்ட தகட்டை மறுபடி வைத்திருந்தால் கேள்வி வேறு. மெதைல் எரிந்துபோன முன்முகம் இப்போது நீரை விரும்பும் முகம். ஒருமுறை நெருப்பைக் கண்ட தகடு மறுநாள் மூடுபனியில் வெளியே கிடந்தால் பஞ்சுபோல் குடிக்கும். விண்வெளி ஓடங்களின் வெப்ப ஓடுகளுக்கும் இதே கதிதான். கனமீற்றருக்கு 144 கிலோகிராம் மட்டுமே எடையுள்ள சிலிக்கா நார் ஓடுகள் அவை. நீர்விலக்கி மீள்நுழைவு வெப்பத்தில் எரிந்துபோவதால் ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் அவற்றில் சிலேன் வகைத் திரவத்தை ஊசியால் செலுத்தினார்கள். நாமும் அதைச் சிறு அளவில் செய்யலாம்: உலர்த்திய தகட்டை, நீர்விலக்கும் தன்மை கொடுக்கும் ஹெக்சாமெதைல்டைசிலசேன் ஆவியுள்ள மூடிய கலனில், புகைக்கூண்டுக்குள், ஓரிரவு வைத்தல்.

சேமிக்கும் பையை இறுக்கி மூடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பில் மூடிய பை நுவரெலியாவுக்கு வந்தால் உப்பும். ரொக்கெட் ஏறும்போது இதே அமுக்க வீழ்ச்சி சில நிமிடங்களில் முழுதாக நடக்கிறது. பறக்கும் பொதிக்குக் காற்று வெளியேற வடிகட்டியோடு ஒரு துளை வேண்டும். அலுமாரிப் பொதிக்குத் துளை வேண்டாம், உலர்த்தித் தூள் பொட்டலம் வேண்டும்.

அறிகுறி: உலரும்போது சுருங்குகிறது, வெடிக்கிறது

நம் பக்கத்தில் அதிகம் அழுகையை உண்டாக்குவது இது. துளைக்குள் உள்ள திரவம் ஆவியாகும்போது அதன் பரப்பிழுவை சுவரை உள்நோக்கி இழுக்கிறது. 10 நனோமீற்றர் ஆரையுள்ள துளையில் நீர் என்றால் அந்த இழுப்பு 140 வளிமண்டல அமுக்கத்துக்கு மேல். ஹெக்சேன் என்றால் 36ஐ ஒட்டி. ஹெக்சேனிலும் ஜெல் சுருங்கத்தான் செய்யும், ஆனால் சிலேன் நன்றாகப் பிடித்திருந்தால் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கடைசியில் மெல்ல விரிந்து எழும். 1931இல் அமெரிக்க இரசாயனவியலாளர் கிஸ்லர் முதல் ஏரோஜெல்லை அறிவித்தபோது இந்த இழுப்பைத் தவிர்க்கவே திரவத்தை அதன் அவதி நிலைக்கு (திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் நிலை) மேலே கொண்டுபோனார்.

சுருங்கி, எழவே இல்லையென்றால்: சிலேன் போதவில்லை. மூடுபனி நாளில் எதனோல் தொட்டியைத் திறந்து வைத்தால் அது காற்றிலிருந்து நீரை இழுக்கும். அந்த நீர் சிலேனைத் தின்றுவிடும். சிலேன் படியில் ஜெல்லிலிருந்து வெளியேறும் நீர் ஹெக்சேனின் அடியில் தனிப் படலமாகத் தங்கும். அந்தப் படலத்தை எடுத்துவிட்டுப் புதுச் சிலேன் சேர்த்து, படலம் இனிக் கூடவில்லை என்று காணும்வரை விடுங்கள்.

எழுந்த பிறகும் ஓரத்தில் வெடிப்புகள் என்றால்: வேகம். செய்முறையில் "60 பாகையில் உலர்த்துக" என்று இருக்கும். ஹெக்சேன் கடல் மட்டத்தில் 69இல் கொதிக்கும், நுவரெலியாவில் 62இல். அங்கே மெதுவான உலர்த்தல், இங்கே கொதியின் விளிம்பு. 40இல் தொடங்கி, மூடியைச் சற்றே திறந்து, எடை இறங்குவது நின்ற பிறகே ஏற்றுங்கள். இதற்குத் தீப்பொறி வராத, ஆவி பற்றி வெடிக்காத ஒவன் வேண்டும். சாதாரண ஒவனில் கரைப்பான் ஆவி பற்றும்.

முகத்தில் மட்டும் வெண்மையான தோல், அதில் மெல்லிய வெடிப்புகள் என்றால்: இது நம் ஊருக்கே உரிய பிழை. ஹெக்சேன் ஆவியாகும்போது ஜெல்லின் முகம் குளிர்கிறது. மூடுபனிக் காற்று ஏற்கெனவே பனிபடுநிலையில் நிற்பதால், ஓரிரு பாகை குளிர்ந்தாலே அதன்மேல் நீர் படியும். உலர்ந்த நைதரசனை மெல்ல ஓடவிடலாம், அல்லது கல்சியம் குளோரைட்டு வழியே வந்த காற்றை விடலாம். இரண்டும் இல்லையென்றால் நாளைத் தெரிந்தெடுங்கள். தேயிலைத் தொழிற்சாலை மேல்தட்டில் கொழுந்து வாட்டுபவர்கள் காற்றைத் தொட்டுப் பார்த்து நேரத்தைத் தீர்மானிப்பதுபோல் இங்கும் காற்றுத்தான் சொல்ல வேண்டும். ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் உலர்ந்த காற்று. டிம்புலவுக்கும் நுவரெலியாவுக்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நல்ல தேயிலை கிடைக்கும் மாதங்களும் அவைதாம். தென்மேற்குப் பருவ மழையில் ஹட்டனில் திறந்த அறையில் உலர்த்தப் போவது பொருளையும் பணத்தையும் வீணாக்கும்.

அறிகுறி: முழுத் தகடும் வெள்ளை, அல்லது நடு மட்டும் வெள்ளை

நல்ல ஜெல் நீலம் கலந்த ஒளிபுகுந்தன்மையோடு இருக்கும். முழுதும் சுண்ணாம்புபோல் வெள்ளையென்றால், கரைசலை உறையவைக்கச் சேர்க்கும் அமோனியா கூடிவிட்டது; பெரிய துகள்கள், தளர்ந்த வலை, விரல் பட்டால் உதிரும் தூள். நடு மட்டும் வெள்ளை என்றால் கழுவல் உள்ளே எட்டவில்லை; அங்கே இன்னும் நீர் இருந்ததால் ஹெக்சேன் அதோடு கலக்காமல் கலங்கிவிட்டது. கரைப்பான் உள்ளே பரவும் நேரம் தடிப்பின் வர்க்கத்தில் கூடும். 5 மில்லிமீற்றர் தகட்டுக்கு ஒரு நாள் போதுமென்றால் 10 மில்லிமீற்றருக்கு நான்கு நாள். இரட்டிப்புத் தடிப்புக்கு இரட்டிப்பு நேரம் என்று கணக்குப் போடுபவர்களின் தகடுகளில்தான் இந்த வெள்ளை நடுவைக் காண்கிறேன். நம் குளிரில் பரவலும் மந்தம்; கழுவும் கலனை மூடி, 40 பாகை வெந்நீர்த் தொட்டியில் வைக்கலாம். எதனோல் இங்கே 73இலேயே கொதிக்கும் என்பதால் 40க்கு மேலே சூடேற்றுவது நல்லதல்ல.

அறிகுறி: கரைசல் உறையவே இல்லை

வெப்பமானியைப் பாருங்கள். 25 பாகை அறைக்கு எழுதிய செய்முறை 12 பாகைக் காலையில் பல மடங்கு மந்தமாகும். உடனே அமோனியா போத்தலைத் தேடாதீர்கள். அங்கிருந்துதான் மேலே சொன்ன சுண்ணாம்புத் தகடு பிறக்கிறது. கலனை மூடிக் கதகதப்பான நீரில் வைத்துக் காத்திருங்கள்.

வாட்டர்கிளாஸில் (சோடியம் சிலிக்கேட்டுக் கரைசல்) தொடங்கியவர்கள், சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும் அயன் மாற்றுப் பிசினிலிருந்து வடிந்த கரைசலின் பீஎச் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் பிசின் தீர்ந்துவிட்டது, அமிலத்தால் புதுப்பிக்க வேண்டும். சோடியம் மிஞ்சிய கரைசலில் வந்த ஜெல் பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கும். சுடும்போது சோடியம் சிலிக்காவைத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே இளக்கி, முன்முகத்தைக் குழியவைக்கும். சிலிக்காவுக்கான இன்னொரு மூலப்பொருளான டெட்ராஎதொக்சிசிலேனில் தொடங்கியவர்கள், அமிலப் படியில் கலவை ஒரே தெளிவாக மாறியதா என்று பார்த்த பிறகே அமோனியா சேர்க்க வேண்டும். எண்ணெய்த் துளிகள் மிதந்தால் இன்னும் நேரம் கொடுங்கள். நார்ப் பாய் சேர்ப்பவர்கள் உறையும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் உறைந்தால் பாயின் அடிவரை கரைசல் இறங்காது, காற்றுப் பைகள் தங்கிவிடும். ஊற்றியதும் பாயைக் கண்ணாடிக் கோலால் அழுத்தி, குமிழி வருவது நின்ற பிறகே கலனை மூடுங்கள்.